சங்கு ரத்தமும் டச்சிங் பென்சிலும்

சங்கின் ரத்தம் நீலம் என்று நான் சொன்னபோது என் அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "சரி, நீலமாவே இருந்துட்டுப் போவுது. எப்பம் முடிப்ப?" என்று கேட்டார். அவர் கேட்டது என் முனைவர் பட்ட ஆராய்ச்சியை. தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் அந்த ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்தேன். வீட்டில் அதற்கு 'உன் சங்கு வேலை' என்று பெயர். சொல்லும்போதே ஒரு சிரிப்பு வரும். எனக்குக் கோபம் வரும். எனக்கு எப்போதுமே கோபம் கொஞ்சம் சீக்கிரம்தான்.

நம் ரத்தத்தில் இரும்பு இருப்பதுபோலச் சங்கின் ரத்தத்தில் செம்பு இருக்கிறது. உடம்புக்குள் இருக்கும்போது பெரிதாக நிறம் தெரியாது. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் மெல்ல மெல்ல நீலமாகும். அந்த நீலத்துக்குக் காரணமான புரதத்துக்கு ஹீமோசயனின் என்று பெயர். புரதங்களில் அது பூதம். மற்றவை பொடிப்பொடியாக இருக்க, இது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனித்தனியாக, எண்ணிவிடலாம் என்கிற மாதிரி தெரியும். அந்தப் பூதத்தின் உருவம் என்ன, நீளம் அகலம் உயரம் மூன்றும் சேர்ந்து அது எப்படி இருக்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

சங்குக்காக உவரிக்குப் போவேன். வலையில் மீனோடு சேர்ந்து வருகிற சங்குகளை ஒரு அக்கா எனக்காகக் கடல் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார். நான் அங்கேயே உட்கார்ந்து ஊசியால் ரத்தத்தை எடுத்துக்கொண்டு சங்கை அவரிடமே கொடுத்துவிடுவேன். "கறிய விட்டுட்டுத் தண்ணியக் கொண்டு போறீயளே, உங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு திசையன்விளை வழியாகப் பேருந்தில் திரும்புவேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுளித்து வேறு இடம் பார்ப்பார்கள். கூட்ட நெரிசலில் எனக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

ரத்தம் எடுப்பது சுலபம். படம் எடுப்பதுதான் பாடு. திருநெல்வேலியில் எங்கே இருக்கிறது எலக்ட்ரான் நுண்ணோக்கி? வெளியூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தது. என் வழிகாட்டியான பேராசிரியர், அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன், கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, ஒரே ஒரு பிற்பகலுக்கு எனக்கு அனுமதி வாங்கித் தந்தார். அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு அங்கிருந்த அதிகாரி கையை விரித்துவிட்டார். சார் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வேறு வழிகாட்டி தேட வேண்டும், எங்கள் ஊர்ப் பக்கம் அந்தத் துறையில் வேறு ஆளே கிடையாது. அப்புறம் 'உன் சங்கு வேலை' கடலோடு போனது போனதுதான்.

அந்தப் பிற்பகலில் நான் எடுக்க நினைத்தது இரண்டே படம். ஏன் இரண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் நான் குதித்த குதி புரியாது. நுண்ணோக்கியில் விழுவது தட்டையான படம். எங்கள் புரதம் அதில் சில இடங்களில் வட்டமாக விழும், நடுவில் ஒரு துளையோடு. சில இடங்களில் நீள்சதுரமாக விழும். அடிப்பாகம் இல்லாத ஒரு டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது மேலிருந்து பார்த்தால் வட்டம், படுத்துக் கிடந்தால் நீள்சதுரம். ஆனால் வட்டம் வேறு புரதம், நீள்சதுரம் வேறு புரதம் என்று ஒருவர் சாதித்தால் என்ன பதில் சொல்வது? பதில் சொல்ல ஒரு வழி உண்டு. பார்க்கும் பொருளை நுண்ணோக்கிக்குள் வைத்தபடியே சாய்க்கலாம். நேராக வைத்து ஒரு படம், சாய்த்து அதே இடத்தை இன்னொரு படம். முதல் படத்தில் வட்டமாக இருந்தது இரண்டாவதில் சாய்ந்த டம்ளராகத் தெரிந்தால், வாதம் முடிந்தது.

வெளிநாடுகளில் அப்போதே ஆயிரக்கணக்கில் இப்படிப் படம் எடுத்து, கணினியில் கொடுத்து முப்பரிமாண உருவத்தையே கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கல்லூரிக் கணினி அறைக்குள் நுழைய வேண்டுமானால் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். உள்ளே போனாலும் அலுவலகக் கணக்கை முடித்த பிறகுதான் நமக்கு இடம். எனவே எனக்கு இரண்டு படமும் டம்ளரும்தான்.

நுண்ணோக்கியை இயக்கியவர் சாய்க்க மாட்டேன் என்றார். சாய்த்தால் படம் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வருமாம், அவருக்குக் கெட்ட பெயராம். கெஞ்சி, கடைசியில் ஊரிலிருந்து கொண்டுபோன அல்வாவைக் கொடுத்துச் சாய்க்க வைத்தேன். திருநெல்வேலி அல்வாவால் நடந்த காரியம் எத்தனையோ, அதில் இதுவும் ஒன்று. இரண்டு நெகட்டிவும் கைக்கு வந்தன. வட்டங்கள் எல்லாம் ஒரே அச்சு என்பதால், எந்த வட்டம் எது என்று இரண்டு படத்தையும் பொருத்திப் பார்க்க ஓர் அடையாளம் வேண்டும். அதற்குக் கடவுளாகப் பார்த்துக் கொடுத்த மாதிரி அங்கே ஓர் அழுக்கு விழுந்திருந்தது. புரதத்தைச் சுற்றியும் துளைக்குள்ளும் இறங்கிக் கறுப்பாகக் காட்டுவதற்காகப் பூசும் சாயம் திரண்டு மாங்கொட்டை வடிவில் ஒரு கறுப்புத் திட்டு, அதை ஒட்டி இரண்டு சின்னப் புள்ளிகள். அவை இரண்டு படத்திலும் இருந்தன. ரயிலில் ஊர் வந்து சேரும்வரை அந்த அழுக்கை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

கல்லூரி இருட்டறையில் இருந்த பெரிதாக்கும் கருவியின் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டிருந்தது. சார் சொல்லி, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நெகட்டிவ்களைக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் மேலப்பாளையத்தில் இருந்து வருகிறவர், நான் அண்ணாச்சி என்பேன். டச்சிங் வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது என்று ஊரே சொல்லும். டச்சிங் என்றால் நெகட்டிவிலேயே பென்சில் வைத்து முகத்தைச் சீர் செய்வது. படத்தில் கறுப்பாக விழும் மரு, பரு, அம்மைத் தழும்பு எல்லாம் நெகட்டிவில் வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த இடத்தைக் கூர்மையான பென்சிலால் மெல்லத் தொட்டுத் தொட்டு அடைத்துவிட்டால் படத்தில் முகம் பளிச்சென்று வரும்.

இந்தத் திறமைக்கு நானே சாட்சி. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க என்னை அங்கேதான் படம் எடுத்தார்கள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் என் நெற்றியில் ஒரு வடு உண்டு. படத்தில் வடுவும் இல்லை, மூக்கோரத்துக் குழியும் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரு குடும்பம், காபித் தட்டோடு வந்த என்னைப் பார்த்த பிறகும் உள்ளேயிருந்து இன்னொரு பெண் வருவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அழுதாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று, நானும் நிம்மதியாக உவரிக்குப் பேருந்து ஏறினேன்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஒரு புரதத்துக்கு டச்சிங் பண்ணுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

சொன்ன நாளில் போனேன். அண்ணாச்சி முகமெல்லாம் சிரிப்பாக ஒரு படத்தை மேசையில் வைத்தார். "பாருங்க தங்கச்சி. ரெண்டு நாளு கண்ண நட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். வந்தப்பம் எப்படி இருந்துச்சு, இப்பம் எப்படி இருக்கு!"

படம் பளிங்கு மாதிரி இருந்தது. மாங்கொட்டை அழுக்கைக் காணோம். இரண்டு புள்ளிகளையும் காணோம். அது மட்டுமா? படத்தின் நடுவில் இருந்த வட்டங்களில் ஒன்றுக்குக்கூடத் துளை இல்லை. அப்பளம் அப்பளமாக வெள்ளை வெளேரென்று கிடந்தன.

"அண்ணாச்சி, துளை எங்க?"

"அதான், ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஓட்டை ஓட்டையா கிடந்துச்சுல்லா. எல்லாத்தையும் அடைச்சிட்டேன். ஓரத்துல கிடந்தத விட்டுட்டேன், அது கண்ணுல படாது."

"அந்தக் கறுப்புத் திட்டு?"

"அது அழுக்குல்லா?"

அவர் அதைச் சொன்ன விதத்தில் துளிக் கள்ளம் இல்லை. பாராட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு நான் பேசியது கடை வாசலைத் தாண்டி எதிர்க் கடை வரைக்கும் கேட்டது என்று அப்புறம் சொன்னார்கள். உங்களை யார் தொடச் சொன்னது, துளை இல்லாவிட்டால் டம்ளர் எப்படி ஆகும், இந்த அழுக்குக்காக நான் ரயிலில் போய் வந்திருக்கிறேன் என்றெல்லாம் கத்தினேன். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான், அவருடைய வேலையை ஒருத்தி பாழ் என்கிறாள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எங்க வாப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடை இருக்கு. டச்சிங் ஏன் பண்ணுனன்னு ஒருத்தரு கேட்டதில்ல. ஏன் பண்ணலன்னுதான் சண்டைக்கு வந்திருக்காவ."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷத்துச் சங்கும், சாரின் கடிதங்களும், அந்த ஒரு பிற்பகலும் அவருடைய பென்சில் முனையில் போய்விட்டன என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்து கேட்டேன், இன்னொரு நெகட்டிவ் எங்கே என்று.

"அது கோணலா விழுந்திருக்கு தங்கச்சி, பாதி மங்கல். ஒரே ஆள ரெண்டு தடவ எடுத்தா நல்லதத்தான் பிரிண்டு போடுவோம். அதத் தொடவே இல்ல, அங்கன கவர்லதான் கிடக்கு."

சாய்த்து எடுத்த படம் தப்பித்திருந்தது! கெஞ்சிக் கூத்தாடி எடுத்ததைக் கோணல் என்று ஒதுக்கியதற்காக அன்றைக்கு அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த கேள்விதான் உயிர்நாடி. "பென்சில் மட்டுந்தானா, பிளேடு வச்சீயளா?" பென்சில் என்றால் அழிக்கலாம். பிளேடால் சுரண்டியிருந்தால் படம் பதிந்த படலமே போயிருக்கும், திரும்ப வராது.

அண்ணாச்சி நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஓரத்துல ஒரு கோடு கிடந்துச்சு, அதுக்கு மட்டும் பிளேடு. மத்ததெல்லாம் பென்சிலு."

"அழிக்க முடியுமா?"

"முடியும். ஆனா இதுவர யாருக்கும் அழிச்சுக் குடுத்ததில்ல," என்றார். அதில் இருந்த வருத்தம் எனக்கு அப்போது உறைக்கவில்லை, இப்போது நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஜன்னலோரம் அவருடைய டச்சிங் மேசை இருந்தது. சாய்வான சட்டத்தில் பால்போல் மங்கலாகத் தேய்த்த ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்ப ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் மேல் நெகட்டிவை வைத்தார். பஞ்சை ஊசி முனையில் சுற்றி டர்ப்பன்டைனில் நனைத்து, முதலில் மூலையில் வெறும் இடத்தில் தொட்டுப் பார்த்தார். படலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அழுக்கு இருந்த இடத்துக்கு வந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "நீங்க சும்மா இருந்தாத்தான் பைய வரும்" என்றார்.

மாங்கொட்டை திரும்பி வந்தது. பின்னாலேயே இரண்டு புள்ளிகளும். ஓர் அழுக்கைப் பார்த்து நான் கைதட்டியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். பிறகு வட்டம் வட்டமாகத் துளைகள் திறந்தன. பஞ்சு கறுக்கக் கறுக்கப் புதுப் பஞ்சு சுற்றினார். நடுவில் ஒருவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தார். "மத்தியானம் வாங்க வே, ஒரு ஆபரேசன் நடக்கு" என்று அனுப்பிவிட்டார். அவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்திருந்தது. எனக்கும் கோபம் இறங்கியிருந்தது.

ஒரே ஒரு வட்டம் மட்டும் திறக்கவில்லை. அழுக்குக்கு வலது பக்கம், தனியாகக் கிடந்தது. அண்ணாச்சி இரண்டு தடவை பஞ்சை ஒற்றிப் பார்த்தார். பஞ்சில் கறுப்பே ஏறவில்லை. "இது என் கை இல்ல தங்கச்சி. இது முன்னாலயே அடைஞ்சுதான் இருந்திருக்கு."

நான் நம்பவில்லை. நடுவில் இருந்த எல்லாவற்றையும் அடைத்தவர், இதை மட்டும் எப்படி அடைக்காமல் விட்டிருப்பார்? பஞ்சை நானே வாங்கித் தேய்க்கப் போனேன். அவர் நெகட்டிவை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "இன்னும் தேய்ச்சா படலம் கிழிஞ்சிரும். அப்பம் ஓட்டை வரும், ஆனா அது நீங்க போட்ட ஓட்டை."

வம்பு எதற்கு என்று இரண்டாவது நெகட்டிவை எடுத்தேன். அதில்தான் பென்சிலே படவில்லையே. மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியால் முதலில் மாங்கொட்டையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வலது பக்கமாக நகர்ந்தேன். அக்கம்பக்கத்து டம்ளர்கள் எல்லாம் சாய்ந்து, வாய்க்குள் ஒரு கண்ணாடிக் கீற்று தெரியக் கிடந்தன. அந்த ஒன்றில் மட்டும் கீற்று இல்லை. சாய்ந்த படத்திலும் அது வாய் மூடித்தான் இருந்தது.

அண்ணாச்சியிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். இரண்டு நெகட்டிவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது ரெண்டும் ஒரே சாமானா? நேரா ஒண்ணு, சாய்ச்சி ஒண்ணா? அட, அப்பம் இது கோணல் இல்லையா?" என்றார். அப்போதுதான் எனக்குள்ளேயும் ஒன்று புரிந்தது. இவ்வளவு ரகளையில், நான் பார்க்க வந்ததை நானே இன்னும் பார்க்கவில்லை. வட்டங்கள் சாய்ந்து டம்ளர்களாக ஆகியிருந்தன. அந்த ஒன்றைத் தவிர எல்லாமே. வாதம் முடிந்திருந்தது. கடைக்குள் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன். அண்ணாச்சியும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

இரண்டு படங்களையும் அவரே பெரிதாக்கிக் கொடுத்தார், அழுக்கோடு. அவர் கடைப் படங்களின் முதுகில் ஒரு ரப்பர் முத்திரை குத்துவது வழக்கம். இவற்றின் முதுகில் மட்டும் குத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இப்படி ஒரு படம் தன் கடையிலிருந்து போனது வெளியே தெரிந்தால் கல்யாண ஆர்டர் வராதாம். சரி என்று விட்டுவிட்டேன்.

சாரிடம் படங்களைக் காட்டினேன். மகிழ்ந்துபோனார். டீ வரவழைத்தார். டீயைக் குடித்துக்கொண்டே அந்த மூடிய வட்டத்தைத் தொட்டு, "இதை மட்டும் வெட்டிட்டு ஒட்டிரும்மா. சாயம் இறங்காம இருந்திருக்கும். தேர்வாளர் இதப் பிடிச்சுக்கிட்டா விட மாட்டார். எல்லாம் நல்லா வந்திருக்கையில ஒண்ணு எதுக்கு?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வலது பக்கம் அந்த வட்டம் வரைக்கும் வெட்டினால் போதும். பட்டம் கையில் வர வேண்டிய நேரத்தில் வேண்டாத கேள்வியை விலைக்கு வாங்குவானேன்?

கத்தரிக்கோலை எடுத்தும் விட்டேன். ஆனால் கை வரவில்லை. பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. துளைகளை அடைத்ததற்காக ஒரு மனிதரிடம் தெருவே கேட்கும்படி சண்டை போட்டுவிட்டு, துளையில்லாத ஒன்றை நான் வெட்டி எறிந்தால் அண்ணாச்சி என்ன நினைப்பார் என்று தோன்றியது. அவருக்குத் தெரியப்போவதில்லை, ஆனாலும் தோன்றியது. முழுப் படத்தையும் ஒட்டி, மே மாதத்துக்கு முன்பே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். சாருக்கு உள்ளுக்குள் வருத்தம்தான்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் வெளி மாநிலத்துக்காரர், வயதானவர், தமிழ் தெரியாது. ஓய்வு பெற்றுவிட்ட சாரும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பா கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன, நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவர் ஆய்வேட்டைத் திறந்து அந்த இரண்டு படங்களுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். விரல் நேராக அந்த மூடிய வட்டத்தில் போய் நின்றது. சார் மின்விசிறியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இது ஏன் மூடியிருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சாயம் இறங்காமல் இருந்திருக்கலாம் என்றேன். பாதியிலேயே உடைந்து மடங்கியதாக இருக்கலாம் என்றேன். பிறகு, "எனக்குத் தெரியாது ஐயா. இரண்டு படத்திலும் மூடித்தான் இருக்கிறது," என்றேன்.

அவர் சாய்ந்த படத்திலும் தேடி அதைக் கண்டுபிடித்தார். ஆய்வேட்டை மூடினார். "எனக்கு வருகிற படங்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன," என்றார். "அழகான படத்தைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். உன்னுடைய மற்ற வட்டங்களை எல்லாம், இந்த ஒன்றைப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மிகவும் நன்றி ஐயா என்று, அவருக்குத் தெரியாத தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.